வெட்டாத காட்டுக்குச் சாட்சி யார்?

ஜோகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 250 மில்லியன் காலன் வரை தண்ணீர் எடுத்துக்கொள்ள 1962ஆம் ஆண்டு உடன்பாடு சிங்கப்பூருக்கு இடம் தருகிறது; 2061 வரை அது செல்லும். மழை பொய்க்கும் மாதங்களில் ஆறு இளைத்துவிடாமலும் கடலுப்பு மேலேறி வராமலும் பார்த்துக்கொள்வது, ஆற்றின் மேற்பகுதியில் இருக்கும் லிங்கியு நீர்த்தேக்கம். 2016 அக்டோபரில் அதன் இருப்பு கொள்ளளவில் 20 விழுக்காட்டுக்கு இறங்கியபோது, அதுவரை கேள்விப்படாதவர்களுக்கும் அந்தப் பெயர் பழகிப்போனது. தண்ணீருக்கு அடியில் போன காடு யாருடையது என்ற கேள்விதான் அப்போதும் எழவில்லை.

அது ஜக்கூன் மக்களின் காடு. தீபகற்ப மலேசியாவின் ஓராங் அஸ்லி பூர்வகுடிகளில் அவர்கள் ஒரு பிரிவினர். அணைக்காக ஜோகூர் மாநிலம் எடுத்த 53,273 ஏக்கரில் அவர்கள் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடி, பிரம்பு அறுத்து, பிசின் எடுத்துப் பிழைத்தார்கள். 52 பேர் சேர்ந்து மாநில அரசின்மேல் வழக்குப் போட்டார்கள். ஜோகூர் பாரு உயர் நீதிமன்றம் அவர்களுக்கு 26.5 மில்லியன் ரிங்கிட் இழப்பீடு விதித்தது. 1998இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. எவற்றுக்கு இழப்பீடு என்று தீர்ப்பு பிரித்துச் சொன்ன விதம் கவனிக்கத்தக்கது. மரபு நிலம், தங்கவும் நடமாடவும் இருந்த சுதந்திரம், காட்டு விளைபொருள், தமக்கும் குடும்பத்துக்குமான வருங்காலப் பிழைப்பு, சந்ததியினரின் பிழைப்பு. மலேசியாவில் பூர்வகுடிகளின் நில உரிமையை நீதிமன்றம் ஏற்ற முதல் வழக்கு இதுதான்.

ஆனால் இழப்பீடு வந்தபோது காடு போயிருந்தது. அடுத்து, 2002இல் சிலாங்கூரின் தெமுவான் மக்கள் நெடுஞ்சாலைக்குப் பறிபோன நிலத்துக்காக வென்றார்கள். அங்கே நீதிமன்றம் ஒரு படி மேலே போய், குடியிருந்து பயிர் செய்த நிலம் அவர்களுக்கே சொந்தம் என்றது. சுற்றியுள்ள, அலைந்து திரிந்து உணவு தேடும் காட்டுக்கு அந்தச் சொந்தம் நீளாது என்றும் சொன்னது. வீட்டைச் சுற்றி நட்ட மரத்துக்கு உரிமை உண்டு, நடாமல் விட்டுவைத்த காட்டுக்கு இல்லை. மழைக்காட்டுப் பாதுகாப்பின் மொத்தச் சிக்கலும் இந்த ஒரு கோட்டில்தான் நிற்கிறது.

பூர்வகுடிகள் இயற்கையை நேசிப்பவர்கள், அதனால் காடு பிழைக்கிறது என்று எழுதுவது சுலபம். காட்டுக்குள் வாழ்பவர்களில் மரவெட்டு முகாமில் வேலை பார்ப்பவர்கள் உண்டு. செம்பனை போட ஆசைப்படுபவர்கள் உண்டு. பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்காக மரத்தை விற்பவர்களும் உண்டு. நேசம் என்பது அளந்து பார்க்க முடியாத சங்கதி. அளக்க முடிந்தது வேறு: யாருக்கு, எந்த நிலத்திலிருந்து, யாரை வெளியேற்றும் அதிகாரம் இருக்கிறது என்பது.

பிரேசில் காட்டும் கணக்கு

இதற்கு நல்ல சான்று அமேசானில் கிடைக்கிறது. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு பிரேசிலின் நிலப்பரப்பை ஆண்டுவாரியாக வரையும் மாப்பயோமாஸ் திட்டத்தின் கணக்குப்படி, 1990 முதல் 2020 வரை பூர்வகுடி நிலங்கள் இழந்த இயற்கைத் தாவரப் பரப்பு ஏறக்குறைய 1 விழுக்காடு; தனியார் நிலங்கள் இழந்தது 20.6 விழுக்காடு. எட்டாத உள்காட்டில் இருப்பதால்தான் பூர்வகுடி நிலம் தப்புகிறது என்று எதிர்வாதம் வரும். அதற்கும் பதில் உண்டு.

பிரேசிலில் ஒரு பூர்வகுடி நிலம் முழு உரிமை பெறப் பல கட்டங்களைத் தாண்ட வேண்டும். முதலில் பூர்வகுடி விவகார அமைப்பான ஃபுனாய், மானுடவியல் ஆய்வு நடத்தி நிலத்தை அடையாளம் காணும். பிறகு நீதித்துறை அமைச்சர் எல்லையை அறிவிப்பார். அடுத்துத் தரையில் எல்லைக்கல் நடப்படும். கடைசியில் நாட்டின் அதிபர் ஆணையில் கையெழுத்திடுவார். அதன்பின் நிலம் பதிவேட்டில் ஏறும். ஒரே நிலத்தின் எல்லைக்கு உள்ளேயும் வெளியேயும், அதிபர் கையெழுத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2020இல் வெளிவந்தது. காடழிப்பு கணிசமாகக் குறைந்தது அந்தக் கடைசிக் கையெழுத்து விழுந்த நிலங்களில்தான். அடையாளம் காணப்பட்டு, பாதி வழியில் நின்ற நிலங்களில் அந்த விளைவு தெரியவில்லை. மக்கள் அதே மக்கள், காடும் அதே காடு. மாறியது பத்திரம் ஒன்றுதான்.

பாதிப் பத்திரம் ஏன் பயன்படவில்லை என்பதற்கும் காரணம் உண்டு. முழு உரிமை வந்தபின் நிலத்துக்குள் நுழைபவன் சட்டப்படி அத்துமீறியவன். காவல்துறையை அழைக்கலாம், வழக்குப் போடலாம், மாடுகளைப் பறிமுதல் செய்யச் சொல்லலாம். கடைசிக் கட்டம் முடியாதவரை அதே ஆள் ‘உரிமைக் கோரிக்கை நிலுவையில் உள்ள நிலத்தில் குடியேறியவர்’. சீக்கிரம் வெட்டி, புல் விதைத்து, மாடு விட்டுவிட்டால் நாளைக்குத் தனக்கும் ஒரு பங்கு கேட்கலாம் என்று அவனுக்குத் தெரியும். ஆகவே அரைகுறை அறிவிப்பு சில நேரங்களில் வெட்டும் கையை வேகப்படுத்திவிடுகிறது.

பெனான் மக்களின் மோலோங்

இனி நமக்குப் பக்கத்தில் இருக்கும் போர்னியோவுக்கு வருவோம். சரவாக்கின் உட்பகுதியில், பாராம் ஆற்றின் மேற்பகுதியில் வாழும் பெனான் மக்களில் பெரும்பாலோர் ஒன்றிரண்டு தலைமுறைக்கு முன்புவரை நாடோடிகள். அவர்களின் அன்றாட உணவு உவுட் என்னும் காட்டுப் பனையின் மாவு, அதாவது நாம் ஜவ்வரிசியாக உருட்டிப் பாயசத்தில் போடும் சேகோவின் மலைநாட்டு உறவு.

உவுட் ஒற்றை மரமாக நிற்பதில்லை. புதராக, ஒரே அடியிலிருந்து பல தண்டுகளாகக் கிளைக்கும். முற்றிய தண்டைத் தேர்ந்து வெட்டுவார்கள். தண்டை நீளவாக்கில் பிளந்து, உள்ளே இருக்கும் சோற்றை இடித்து நாராக்குவார்கள். ஓடைக்கரையில் பிரம்புப் பாயை விரித்து, அதன்மேல் நாரைக் கொட்டி, தண்ணீர் ஊற்றிக் காலால் மிதிப்பார்கள். மாவுப்பால் பாயின் இடுக்கு வழியே வடிந்து கீழேயுள்ள நெருக்கமான பாயில் தங்கித் தெளியும். ஈர மாவை நெருப்பின்மேல் உலர்த்தி எடுத்தால் சில வாரங்களுக்குக் கெடாது. ஒரு புதரில் இளந்தண்டுகளையும் குருத்துகளையும் விட்டுவைத்தால் சில ஆண்டுகளில் அதே இடத்துக்குத் திரும்பி வரலாம். எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்டினால் அந்தப் புதர் முடிந்தது.

இந்த விட்டுவைக்கும் முறைக்கு மோலோங் என்று பெயர். ஒரு உவுட் புதரை, ஒரு பழமரத்தை, அம்புக்கு நஞ்சு தரும் மரத்தையோ படகுக்கு ஆகும் மரத்தையோ முதலில் கண்டவர் அதில் கத்தியால் அடையாளம் வெட்டுவார். அதன்பின் அது அவர் குடும்பத்தின் பொறுப்பில் வந்துவிடும். மற்றவர்கள் கேட்காமல் தொடமாட்டார்கள். வழியில் போகிறவர்களுக்குச் செய்தி சொல்ல ஓரோ என்ற குச்சி மொழியும் உண்டு. குச்சியில் செருகிய இலையும் மடித்த கிளையும், எத்தனை பேர் எந்தத் திசையில் போனார்கள், பசியோடு போனார்களா என்பதைச் சொல்லும்.

விளைவு என்ன? ஆயிரக்கணக்கான ஹெக்டேர் காட்டில் ஒவ்வொரு பயனுள்ள மரத்துக்கும் உரிமையாளர் உண்டு, விதி உண்டு, மீறினால் கேட்க ஆள் உண்டு. ஆனால் வானத்திலிருந்து படம் எடுத்தால் அங்கே மனிதச் சுவடே தெரியாது. மரமேறிப் பார்த்தாலும் வெறும் காடுதான்.

1958 ஜனவரி 1

சரவாக் நிலச் சட்டம் கேட்பது அந்தச் சுவடைத்தான். 1958ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதிக்கு முன் நிலத்தில் பூர்வகுடி உரிமையை உண்டாக்கியிருக்க வேண்டும் என்பது விதி. உரிமையை உண்டாக்கும் வழிகளைச் சட்டம் வரிசைப்படுத்துகிறது. கன்னிக்காட்டை வெட்டி அந்த இடத்தில் குடியிருப்பது முதலாவது. பழமரம் நடுவது, நிலத்தைப் பண்படுத்துவது, இடுகாடாகவோ வழிபாட்டிடமாகவோ பயன்படுத்துவது, வழித்தடமாகப் பயன்படுத்துவது ஆகியவை மற்றவை. பட்டியலின் தலையில் நிற்பது வெட்டு. மோலோங் அதில் எங்குமே இல்லை.

சரவாக்கின் இன்னொரு பூர்வகுடியான இபான் மக்களுக்கு இந்தச் சட்டம் பாதிவரை கைகொடுக்கும், ஏனென்றால் அவர்கள் புனக்காட்டு விவசாயிகள். காட்டில் ஒரு துண்டை வெட்டிக் காயவைத்து எரித்து, ஓரிரு ஆண்டு மலைநெல் விதைத்துவிட்டு நகர்வார்கள். நிலம் பல ஆண்டு தரிசாகக் கிடந்து மீண்டும் காடாகும். வள்ளி பரண்மேல் நின்று காத்த தினைப்புனமும் இப்படிப்பட்டதுதான். புதிதாக வெட்டிய கொல்லைக்கு ‘இதை’ என்றும் பழங்கொல்லைக்கு ‘முதை’ என்றும் நம் முன்னோர் தனித்தனிச் சொல் வைத்திருந்தார்கள். இபான் மொழியில் பழங்கொல்லைக்குத் தெமுடா என்று பெயர். 1940களின் கடைசியிலும் 1950களிலும் எடுத்த வான்வழிப் படங்களில் தெமுடா வேறு நிறத்தில் தெரியும். நீதிமன்றத்தில் அதைக் காட்டி வெல்லலாம்.

அதே ஊருக்கு, வெட்டாமல் ஒதுக்கிவைத்த காடும் உண்டு: புலாவ் கலாவ். வீடு கட்ட மரமும், மருந்தும், வேட்டையும், சுத்தமான குடிநீரும் அங்கிருந்துதான். தெமுடா, புலாவ் கலாவ், ஆறு, இடுகாடு அனைத்தும் சேர்ந்த ஊரெல்லைக்கு பெமாக்காய் மெனுவா என்று பெயர். 2001இல் பின்துலு அருகே ஒரு நீண்டவீட்டு (பல குடும்பங்கள் ஒரே கூரையின்கீழ் வாழும் வீடு) மக்கள் காகிதக்கூழ் நிறுவனத்துக்கு எதிராக வழக்காடியபோது, சரவாக் உயர் நீதிமன்றம் இந்த முழு எல்லையையும் மரபுரிமையாக ஏற்றது. மேல்முறையீட்டில் 2005இல் சான்று போதவில்லை என்று ஊர் தோற்றாலும் கோட்பாடு நிலைத்தது. 2016 டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றம் அதையும் மாற்றியது. பெமாக்காய் மெனுவாவுக்கும் புலாவ் கலாவுக்கும் சரவாக்கில் சட்ட வலு இல்லை என்பது பெரும்பான்மைத் தீர்ப்பு. தெமுடாவுக்கு மட்டும் உண்டு.

ஊர் எதை வெட்டியதோ அது ஊருக்கு. எதைக் காத்ததோ அது அரசுக்கு. அரசிடமிருந்து உரிமம் பெற்றவருக்கு. காட்டைக் காக்காதே என்று இதைவிடத் தெளிவாக ஒரு சட்டம் சொல்லிக்கொடுக்க முடியாது.

எதிர்ப்பு வலுத்ததால் 2018இல் சரவாக் தன் நிலச் சட்டத்தைத் திருத்தி, ஊரின் நிலப்பகுதிக்குப் பட்டா தர வழிசெய்தது. அதிகபட்சம் 1,000 ஹெக்டேர். எல்லைக்கு அப்பால் இந்தோனீசியாவின் மேற்குக் கலிமந்தானில், காப்புவாஸ் உலு மாவட்டத்தில் இதே இபான் மக்களின் சுங்கை உத்திக் நீண்டவீடு காத்துவரும் காடு சுமார் 9,500 ஹெக்டேர். அளவின் போதாமை அதிலிருந்தே விளங்கும்.

தேதி வைத்து உரிமையை அறுப்பது சரவாக்கின் தனி வழக்கமும் இல்லை. பிரேசிலில் 1988 அக்டோபர் 5 அன்று, அதாவது புதிய அரசியலமைப்பு வந்த நாளன்று, நிலத்தில் இருந்தவர்களுக்கே உரிமை என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் 2023 செப்டம்பரில் 9க்கு 2 என்று தள்ளியது. அதே டிசம்பரில் நாடாளுமன்றம் அதைச் சட்டமாகவே கொண்டுவந்தது. அந்தத் தேதிக்கு முன்பே துப்பாக்கி முனையில் விரட்டப்பட்டவர் அன்று எப்படி அங்கே இருந்திருப்பார்? இந்தியாவின் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்திலும் ஒரு தேதி உண்டு, 2005 டிசம்பர் 13. ஆனால் அங்கே கேட்கப்படுவது காட்டைச் சார்ந்து வாழ்ந்ததற்கான சான்று; பெரியவர்களின் வாக்குமூலத்தையும் அது ஏற்கும். வெட்டியதற்கான சான்று தேவையில்லை. வித்தியாசம் பெரியது.

வரைபடம் எப்படி உருவாகிறது, எங்கே கெடுகிறது

வானத்துப் படத்தில் தெரியாத உரிமையைக் காட்ட ஊர்களுக்கு இருக்கும் ஒரே கருவி, தாங்களே வரையும் வரைபடம். வேலை தரையில் குச்சியாலோ பெரிய தாளிலோ ஆறுகளை வரைவதில் தொடங்கும், ஏனென்றால் போர்னியோவில் எல்லோருக்கும் மனத்திலிருக்கும் எலும்புக்கூடு ஆறுதான். ஒவ்வொரு கிளையோடைக்கும் பெயர் எழுதப்படும். பெயர்களே சாட்சி: இன்னாரின் பாட்டனார் இறந்த ஓடை, இந்த ஆண்டில் வெள்ளம் வந்த கரை. அரசு வரைபடத்தில் பெயரில்லாமல் கிடக்கும் ஓடைகளுக்கு ஊரில் நூற்றுக்கணக்கான பெயர்கள் இருக்கும்.

அதன்பின் எல்லையை நடந்து அளக்க வேண்டும். முதியவர் ஒருவர், ஜிபிஎஸ் பிடிக்கத் தெரிந்த இளைஞர் இருவர், பக்கத்து ஊரின் ஆள் ஒருவராவது. இந்தக் கடைசி ஆளை விட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அவர் இல்லாமல் அளந்த எல்லையை நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு எடுத்த எடுப்பில் உடைத்துவிடும். பக்கத்து ஊரைக் கூட்டிவந்து ‘இது எங்கள் எல்லை’ என்று சொல்லவைத்தால் போதும். பழைய நீண்டவீடு இருந்த இடத்தில் நிற்கும் துரியான், இரும்புமரத் தூண்களின் அடிக்கட்டை, கல்லறை, மோலோங் வெட்டு உள்ள மரம், இவை ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி எடுத்து, படம் பிடித்து, யார் சொன்னது என்று குறிப்பெழுத வேண்டும்.

நெருங்கிய காட்டுக் கூரைக்குக் கீழே கைக்கருவி பத்து இருபது மீட்டர் தள்ளிக் காட்டும். ஒரே இடத்தில் சில நிமிடம் நின்று சராசரி எடுத்தால் குறையும். அதைவிடப் பெரிய பிழை கருவிக்குள்ளேயே இருக்கிறது. சரவாக்கின் பழைய அரசு வரைபடங்கள் தீம்பாலாய் 1948 என்ற அளவை அடிப்படையில் வரையப்பட்டவை. ஜிபிஎஸ் உலகளாவிய வேறோர் அடிப்படையில் இயங்குகிறது. அமைப்பை மாற்றாமல் ஒன்றின்மேல் மற்றொன்றை வைத்தால் எல்லை சில நூறு மீட்டர் நகர்ந்துவிடும். ஊரின் இடுகாடு நிறுவனத்தின் தோட்டத்துக்குள் போய் விழும். நாள்கணக்கில் காட்டில் நடந்த உழைப்பு இந்த ஒரு அமைப்பால் கேள்விக்குள்ளாகும்.

இவையெல்லாம் சரியாக இருந்தாலும் சட்டம் குறுக்கே வரலாம். பின்துலு வழக்கில் சமூக வரைபடம் ஊருக்குச் சாதகமாக எடுபட்ட அதே 2001இல், உரிமம் பெற்ற நில அளவையாளர் அல்லாதவர் எல்லை வரைபடம் தயாரிப்பதைக் கட்டுப்படுத்தும் சட்டத்தைச் சரவாக் இயற்றியது.

ஒரு சொல் நீங்கியது

இந்தோனீசியாவில் திருப்பம் ஒரே சொல்லில் நடந்தது. 1999ஆம் ஆண்டு வனச் சட்டம், ‘மரபுவழிக் காடு என்பது மரபுவழிச் சமூகத்தின் நிலப்பகுதியில் உள்ள அரசுக் காடு’ என்று வரையறுத்திருந்தது. நாடளாவிய பூர்வகுடிக் கூட்டமைப்பான அமான் தொடுத்த வழக்கில், 2013 மே 16 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் அந்த வாக்கியத்திலிருந்து ‘நெகாரா’, அதாவது ‘அரசு’ என்ற சொல்லை நீக்கியது. மரபுவழிக் காடு அரசுக் காடு அன்று என்றாகிவிட்டது.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் தர வேண்டுமே. காடு கைக்கு வருவதற்கு முன், அதைக் கேட்கும் மக்கள் மரபுவழிச் சமூகம்தான் என்று மாவட்ட அளவில் ஒழுங்குவிதியோ ஆணையோ பிறக்க வேண்டும். மாவட்டத் தலைவருக்குச் செம்பனை, சுரங்க உரிமங்களில் அக்கறை இருந்தால் அந்த வரைவு மன்றத்தில் தூங்கும். அது தேறினால்தான் வரைபடம் அமைச்சுக்குப் போகும், அதிகாரிகள் வந்து சரிபார்ப்பார்கள், அமைச்சர் ஆணை வெளிவரும். தீர்ப்பு வந்து மூன்றரை ஆண்டுக்குப் பிறகு, 2016 டிசம்பர் 30 அன்றுதான் முதல் ஒன்பது சமூகங்கள் ஆணை பெற்றன. மொத்தம் ஏறக்குறைய 13,000 ஹெக்டேர். ஊர்கள் வரைந்து பதிவுக்குத் தந்த நிலம் இன்று 30 மில்லியன் ஹெக்டேர் அளவில் நிற்கிறது. அமைச்சின் ஆணை பெற்ற மரபுவழிக் காடு சில லட்சம் ஹெக்டேரைத் தாண்டவில்லை.

ஆணை பெற்ற அந்தச் சில ஊர்களில் சுங்கை உத்திக் ஒன்று. அங்கே காடு மூன்றாகப் பிரிந்திருக்கிறது. கம்போங் தாரோவில் வெட்டக்கூடாது. நீரூற்றும் விலங்கு ஈனும் இடமும் அதில் அடங்கும். கம்போங் கலாவ் சேமிப்பு. மருந்து, விறகு, படகுக்கான மரம் என்று கணக்காக எடுக்கலாம். மூன்றாவதான கம்போங் எண்டோர் கெர்ஜா உழைக்கும் காடு. குடும்பத்துக்கு ஆண்டுக்கு இத்தனை மரம் என்று வரம்பு உண்டு. விற்பனைக்கு வெட்ட முடியாது. மீறினால் அடாட் மன்றத்தில், அதாவது ஊரின் மரபுச் சட்ட மன்றத்தில், தண்டம். 1980களிலிருந்து வந்த மரவெட்டு நிறுவனங்களை அவர்கள் திருப்பி அனுப்பினார்கள். 2019இல் ஐக்கிய நாட்டு மேம்பாட்டுத் திட்டத்தின் ஈக்குவேட்டர் விருது கிடைத்தது. ஆணை அடுத்த ஆண்டில் வந்தது. நாற்பது ஆண்டுக் காவலுக்குப் பின் வந்த காகிதம்.

புகைமூட்டம் யார் வைத்த தீ?

2013 ஜூன் 21 நண்பகலில் சிங்கப்பூரின் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டது. 2015 செப்டம்பர் 25 அன்று பள்ளிகள் மூடப்பட்டன. அப்போதெல்லாம் எழுந்த குற்றச்சாட்டுகளில் ஒன்று, காட்டுவாசிகள் புனம் எரிப்பதால்தான் இந்தப் புகை என்பது.

இந்தோனீசியாவின் 2009ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் சட்டம் மரபுவழி எரிப்புக்கு ஒரு விலக்கு தருகிறது: குடும்பத்துக்கு அதிகபட்சம் 2 ஹெக்டேர், உள்ளூர் விதை ரகம் போடுவதற்கு, சுற்றிலும் தீத்தடுப்புப் பாதை வெட்டியபின். மரபு முறையில் எரிப்பவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். சுற்றிலும் சருகைக் கூட்டி மண் தெரிய விடுவார்கள், பக்கத்துக் கொல்லைக்காரர்களுக்கு முன்கூட்டியே சொல்வார்கள், காற்றுக்கு எதிர்ப்பக்கத்தில் தீ வைப்பார்கள், முடியும்வரை ஆள்கள் நின்று பார்ப்பார்கள். தீ தாண்டி அடுத்தவர் ரப்பரை எரித்தால் தண்டம். மேட்டு நிலத்தில், கனிம மண்ணில், இந்தத் தீ சில மணி நேரத்தில் அடங்கிவிடும்.

நாள்கணக்கில் புகையைக் கக்குவது கம்புட் என்னும் கரிச்சதுப்பு. மட்காத தாவரங்கள் பல மீட்டர் ஆழத்துக்குப் படிந்த நிலம் அது. நீர் நிறைந்திருக்கும்வரை பற்றாது. செம்பனைக்கும் கூழ்மரத்துக்கும் வாய்க்கால் வெட்டி நீரை வடித்தால் மேலடுக்கு காய்ந்து, தீ மண்ணுக்குள் இறங்கிப் புகைந்துகொண்டே போகும். மேலே தண்ணீர் ஊற்றினாலும் அடியில் அணையாது. மழைக்காலம் வந்து நிலத்தடி நீர் உயர்ந்தால்தான் ஓயும். 1990களின் நடுவில் மத்தியக் கலிமந்தானில் ஒரு மில்லியன் ஹெக்டேர் சதுப்பை நெல்வயலாக்கப் புறப்பட்ட அரசுத் திட்டம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வாய்க்காலை வெட்டிவிட்டுக் கைவிடப்பட்டது. ங்காஜு டயாக் மக்களின் பிரம்புத் தோட்டங்களும் மீன்குட்டைகளும் இருந்த நிலம் அது. ஒவ்வொரு எல் நினோ ஆண்டிலும் அங்கே எரிகிறது. 2015இல் இந்தோனீசியாவில் எரிந்தது 2.6 மில்லியன் ஹெக்டேர் என்று உலக வங்கி கணக்கிட்டது. அதைக் குடும்பத்துக்கு 2 ஹெக்டேர் என்ற கணக்கில் யாராலும் எட்ட முடியாது. சிறு விவசாயிகளும் கம்புட்டில் தீ வைப்பதுண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. வாய்க்காலை வெட்டியவர் யார் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

சிங்கப்பூரின் எல்லை தாண்டிய புகைமூட்டத் தூய்மைக்கேட்டுச் சட்டம் 2014 செப்டம்பரில் நடப்புக்கு வந்தது. நாளொன்றுக்கு 100,000 வெள்ளி வரை, மொத்தம் 2 மில்லியன் வெள்ளி வரை அபராதம். வெளிநாட்டுத் தோட்டத்தின் எல்லை வரைபடம் கையில் இல்லாவிட்டால் எந்தத் தீ யாருடையது என்று நிறுவுவது கடினம். இங்கேயும் கடைசியில் வரைபடம்தான்.

கையெழுத்து போட்டது யார்

பத்திரம் வந்தால் காடு தப்பிவிடும் என்றும் சொல்லிவிட முடியாது. பாப்புவா நியூ கினியில் நிலத்தின் பெரும்பகுதி, ஏறத்தாழ 97 விழுக்காடு, சட்டப்படியே குலங்களின் சொத்து. அப்படியிருந்தும் சுமார் 5 மில்லியன் ஹெக்டேர் கைமாறியது. குலங்களிடமிருந்து அரசு குத்தகைக்கு எடுத்து, அதையே நிறுவனங்களுக்கு 99 ஆண்டு வரை மறுகுத்தகை விடும் ஏற்பாடு அது. விசாரணை ஆணையம் ஆராய்ந்தபோது பெரும்பாலான குத்தகைகளில் நில உரிமையாளரின் முறையான சம்மதம் இருக்கவில்லை. சிலர் பெயரில் மற்றவர் கையெழுத்திட்டிருந்தார்கள்.

போர்னியோவிலும் இதே ஓட்டை உண்டு. ஊர்த்தலைவரை அரசு நியமித்து மாதப்படி கொடுத்தால், அவர் கையெழுத்தை ஊரின் சம்மதமாக எடுத்துக்கொள்வது நிறுவனத்துக்கு வசதி. நீண்டவீட்டில் பதினைந்து குடும்பம் எதிர்த்தாலும் படிவத்தில் ஒரு கையெழுத்து இருக்கும். முன்கூட்டிய, தெளிந்த, கட்டாயமற்ற சம்மதம் என்று 2007ஆம் ஆண்டு ஐக்கிய நாட்டுப் பூர்வகுடி உரிமைப் பிரகடனம் சொல்வது எளிது. நடைமுறையில் அது உள்ளூர் மொழியில் ஆவணம், பல சுற்றுக் கூட்டம், பெண்களும் வெளியூரில் வேலை பார்க்கும் இளையரும் வர ஏதுவான நாள், ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு நிம்மதியாக வீடு திரும்பும் வாய்ப்பு என்றிருக்க வேண்டும்.

2021 அக்டோபரில் சாபாவில் 2 மில்லியன் ஹெக்டேர் காட்டின் கரிம உரிமையை, அதாவது காடு சேமித்துவைக்கும் கரிமத்தை விற்றுக் காசாக்கும் உரிமையை, 100 ஆண்டுகளுக்கு விற்கும் ஒப்பந்தம் சத்தமில்லாமல் கையெழுத்தானது. எதிர்த்தரப்பு, சிங்கப்பூரில் பதிவான ஒரு நிறுவனம். அந்தக் காட்டில் வாழும் மக்களுக்குச் செய்தித்தாள் வழியாகத்தான் விஷயம் தெரிந்தது. மரத்தை வெட்டும் ஒப்பந்தம் இல்லைதான்; காக்கும் ஒப்பந்தம். ஆனாலும் ‘இது யாருடைய காடு’ என்ற கேள்வியை மீண்டும் ஒருமுறை தாண்டிக் குதித்தது.

இது சிங்கப்பூரர்களுக்குத் தொலைதூரச் செய்தி இல்லை. 2024 முதல் இங்கே கரிம வரி டன்னுக்கு 25 வெள்ளியாகவும் 2026இல் 45 வெள்ளியாகவும் உயர்வதாக வகுக்கப்பட்டது; வரி கட்டும் நிறுவனங்கள் தங்கள் வெளியேற்றத்தில் 5 விழுக்காடு வரை வெளிநாட்டுக் கரிமப் புள்ளிகளால் ஈடுகட்டலாம். அதற்கென ஒப்பந்தமான நாடுகளில் பாப்புவா நியூ கினியும் ஒன்று. ஒரு வனத் திட்டத்தின் ஆவணத்தைத் திறந்தால் முதலில் டன் கணக்கைப் பார்ப்பார்கள். அதற்கு முன் நிலப் பகுதியைப் புரட்டுவது நல்லது. நிலத்தின் உரிமை யார் பெயரில், வரைபடத்தில் ஊர்களின் பெயர் இருக்கிறதா, சம்மதக் கூட்டங்கள் எந்தெந்தத் தேதியில் எந்த மொழியில் நடந்தன, வருமானத்தில் ஊருக்கு எத்தனை விழுக்காடு, அது யார் கணக்கில் ஏறும். தீபாவளி முறுக்குக்கு வாங்கும் செம்பனை எண்ணெயில் இருக்கும் நீடித்த நிலைத்தன்மைச் சின்னத்துக்கும் இதே கேள்விகள் பொருந்தும். சான்றளிக்கும் வட்டமேசை அமைப்பிடம் ஊர்கள் புகார் கொடுக்க வழியுண்டு.

மறியல் என்னும் கருவி

எல்லாக் காகிதமும் கைவிடும்போது மிஞ்சுவது சாலை. மரவெட்டு நிறுவனத்துக்கு உயிர்நாடி மண்சாலை ஒன்றுதான். அதன் குறுக்கே ஒரு கம்பைக் கட்டி, பக்கத்தில் கொட்டகை போட்டு உட்கார்ந்தால் இயந்திரங்களின் வாடகையும் ஆள்கூலியும் சும்மா ஓடும். பெனான் மக்கள் 1987இல் பாராமில் இதைப் பெரிய அளவில் தொடங்கினார்கள். அதே ஆண்டில் சாலை மறிப்பைக் குற்றமாக்கி வனச் சட்டம் திருத்தப்பட்டது. உட்கார்வதைவிடக் கடினம் தொடர்ந்து உட்கார்வது. அரிசி யார் கொண்டுவருவது, விதைப்புக் காலத்தில் யார் முறை, மழையில் யார் காவல் என்று ஊர்கள் முறைவைத்துப் பிரித்துக்கொள்ளாவிட்டால் ஒரு மாதத்தில் கலைந்துவிடும்.

2013 அக்டோபரில் 1,200 மெகாவாட் பாராம் அணைக்கு எதிராகப் போட்ட மறியல் அப்படிக் கலையவில்லை. கென்யா, காயான், பெனான் ஆகிய பூர்வகுடிகளின் ஊர்கள் முறைவைத்து ஈராண்டுக்கும் மேல் தாக்குப்பிடித்தன. ஏறத்தாழ 400 சதுர கிலோமீட்டர் மூழ்கி, 20,000 பேர் வரை இடம்பெயர வேண்டியிருந்திருக்கும். 2015இல் முதலமைச்சர் அடெனான் சாத்தெம் திட்டத்தை நிறுத்திவைத்தார். அணைக்காக ரத்தான நில உரிமைகளை 2016இல் அரசு திரும்பக் கொடுத்தது. எந்த உரிமைகளை? அறிவிப்புக்கு முன் என்ன இருந்ததோ அவற்றை. தெமுடாவுக்கு உண்டு, கல்லறைக்கு உண்டு. பின்னால் மலைவரை நீளும், யாரும் வெட்டாத காட்டுக்கு அப்போதும் பத்திரம் இல்லை.